உப்புமூட்டை ஏறிப் போன விண்ணோடம்

2012 செப்டம்பர் 21. அப்போது சான் பிரான்சிஸ்கோவில் இருந்தோம். எண்டெவர் விண்ணோடத்தை (ஸ்பேஸ் ஷட்டில்) ஒரு போயிங் 747 விமானத்தின் முதுகில் ஏற்றி, அருங்காட்சியகத்தில் வைக்க லாஸ் ஏஞ்சலஸுக்குக் கொண்டுபோகிறார்கள், போகிற வழியில் கோல்டன் கேட் பாலத்துக்கு மேலே பறக்கும் என்று செய்தி. ஆபீசுக்கு லேட்டாக வருவதாகச் சொல்லிவிட்டு, மகனைக் கூட்டிக்கொண்டு கரையில் போய் நின்றேன். மூடுபனி விலகட்டும் என்று கலிபோர்னியாவின் எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளத்தில் கிளம்புவதையே ஒரு மணி நேரம் தள்ளிப்போட்டிருந்தார்கள். பத்தரை வாக்கில் தெரிந்தது. ராக்கெட் மாதிரி ஏதோ அதிரப் போகிறது என்று நினைத்திருந்தேன். வழக்கமான விமானச் சத்தம்தான். "அப்பா, உப்புமூட்டை!" என்றான் பையன். பின்னால் என்ஜின்களைக் காணோம். காற்று சுழன்று 747-இன் வாலை உலுக்காமல் இருக்கக் கூம்பு ஒன்றை மாட்டி மூடியிருந்தார்களாம். வேறு யாராவது பார்த்தீர்களா?

*

நாங்கள் ஹூஸ்டனில் இரண்டு நாள் முன்னாலேயே பார்த்துவிட்டோம்! 17ஆம் தேதி புளோரிடாவிலிருந்து கிளம்பியிருக்க வேண்டியது, வானிலை சரியில்லாமல் 19ஆம் தேதிதான் வந்தது. "25 தடவை விண்வெளிக்குப் போய் வந்ததுக்கு மழை ஆகாதா?" என்று வீட்டில் ஒரே கிண்டல். நிஜமாகவே ஆகாது. அடிவயிற்று ஓடுகள் ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடு தாங்கும், ஆனால் விமானம் பறக்கும் வேகத்தில் மழைத்துளி பட்டால் பொத்துப்போகும். அதனால் இன்னொரு விமானம் முன்னால் போய் மேகம் பார்த்துச் சொல்லும். சுமையோடு ஒரே மூச்சில் ஏறத்தாழ 2,000 கி.மீ.தான் போக முடியும், ஆகவே இறங்கி இறங்கித்தான் பயணம். ஹூஸ்டனில் அது இறங்கிய எலிங்டன் விமானத் தளத்தில் வேலிக்குப் பக்கத்தில் நின்று பார்த்தபோது ஓடுகளில் கருகல் திட்டுகள் தெரிந்தன, அடுப்பில் அடிபட்ட தோசைக்கல் மாதிரி.

*

அந்த 747 இப்போது ஹூஸ்டன் விண்வெளி மையத்தில்தான் நிற்கிறது, மேலே விண்ணோடத்தின் மாதிரி வடிவம் ஒன்றோடு. உள்ளே ஏறிப் பார்க்கலாம். 1974-இல் ஒரு விமான நிறுவனத்திடமிருந்து நாசா வாங்கிய பழைய பயணிகள் விமானம். எடையைக் குறைக்க இருக்கைகளை எல்லாம் பிடுங்கிவிட்டு, முன்னால் கொஞ்சம் மட்டும் விட்டிருந்தார்கள். எனக்குப் பிடித்தது வேறு. விண்ணோடத்தைத் தாங்கும் கம்பத்தில் யாரோ குறும்பாக எழுதிவைத்த குறிப்பு: "விண்ணோடத்தை இங்கே பொருத்தவும். கவனிக்க, கறுப்புப் பக்கம் கீழே."