புதுப்பிப்பு: கசந்த கோப்பி இப்ப எப்படி இருக்கிறது

போன மாதம் இங்கே புலம்பியிருந்தேன்: மிக்சியில் அரைத்துப் போடும் கோப்பி கசக்கிறது, கோப்பையின் அடியில் சேறு மாதிரி மண்டி நிற்கிறது என்று. பாதிப் பிரச்சினை தீர்ந்துவிட்டது.

பிழை என் அரைவையில்தான். ஒரேயடியாக ஓடவிட்டால் பாதி மாவாகிறது, பாதி குறுணியாகக் கிடக்கிறது. மாவிலிருந்து கசப்பு இறங்கிவிடும், குறுணியில் சாரமே இறங்காது. இப்போது மூன்று மூன்று செக்கனாக ஓட்டி, இடையில் சாடியைக் குலுக்கி அரைக்கிறேன். பிறகு அரிதட்டில் தட்டினால் நுண்தூள் கீழே போய்விடும். (அதை அம்மா மல்லி, சுக்கோடு கொதிக்கவைத்துக் குடிக்கிறா. வீண்போகவில்லை.)

15 கிராம் தூளுக்கு 250 மில்லிலீற்றர் தண்ணீர். கேத்தில் கொதித்து அரை நிமிடம் பொறுத்து ஊற்றி, 4 நிமிடம் மூடிவைத்து வடிக்கிறேன்.

“தண்ணியையும் பாருங்கோ” என்று எழுதிய அண்ணைக்கு நன்றி. எங்கள் கிணறு சுண்ணக்கல்லில் வெட்டியது. கேத்திலுக்குள் படியும் வெள்ளையைச் சுரண்டித்தான் எடுக்கவேண்டும். அதே தூளைப் போத்தல் தண்ணீரில் போட்டேன். கிணற்றுச் சுண்ணாம்பு அமுக்கிவைத்திருந்த மெல்லிய புளிப்பு ஒன்று முதல் தடவையாக நாக்கில் தெரிந்தது! ஆனால் தினமும் போத்தல் வாங்கக் கட்டாது. மாரி வரட்டும், மழைத்தண்ணீர் பிடித்துப் பார்க்கிறேன்.