புகென்வால்ட் முகாமில் பாடலாமா? ஜெர்மனி போகும் எங்கள் கொயருக்கு யோசனை வேண்டும்

ஆல்ட்டோ வரிசை (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். இங்கிலாந்தில் எங்கள் ஊர் கொயரில் (பாடகர் குழுவில்) ஆல்ட்டோ, அதாவது பெண்களின் தாழ்ந்த குரல் வரிசையில் பாடுகிறேன். பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள். தமிழ் முகம் நான் ஒருத்திதான். வரும் கோடையில் ஒரு பஸ் பிடித்து லூபெக், லைப்சிக், வைமார், டிரெஸ்டன் என்று சுற்றப் போகிறோம். ஜெர்மன் இசையமைப்பாளர்கள் பாக், மெண்டல்சோன் இருவரின் பாட்டுகள், கொஞ்சம் ஆங்கிலேயப் பாடல்கள். இதுவரை தகராறு இல்லை.

வைமாரில் தங்கும்போது பக்கத்து மலையில் இருக்கும் புகென்வால்ட் வதைமுகாமுக்குப் போகிறோம். கைதிகளை நிறுத்தி ஆள் எண்ணிய மைதானத்தில் நின்று அஞ்சலியாக ஒரு பாட்டுப் பாடலாம் என்கிறார் கொயர் மாஸ்டர். சிலருக்குப் பிடித்திருக்கிறது, சிலர் முகம் சுளிக்கிறார்கள். அப்புறம் டிரெஸ்டன். 1945ல் பிரிட்டிஷ், அமெரிக்க விமானங்கள் அந்த ஊரைக் குண்டு வீசி அழித்த பிறகு மவர்ஸ்பெர்கர் என்பவர் எழுதிய புலம்பல் பாட்டை அங்கே பாடுவதாக ஏற்பாடு. எங்கள் பேஸ் வரிசையில் (ஆண்களின் கீழ்க்குரல்) ஒருவருடைய அப்பா போரின்போது பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானத்தில் பறந்தவர். "அந்த ஊரில் போய் நான் இதைப் பாடினால் நன்றாகவா இருக்கும்?" என்று போன ரிகர்சலில் நோட்ஸை மூடி வைத்துவிட்டார்.

கொயரோடு அந்தப் பக்கம் போனவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எங்கே பாடினீர்கள், எங்கே சும்மா இருந்தீர்கள்?

பழைய டெனர்

அக்கா, நான் கிட்டத்தட்ட இதே வழியில் கொயரோடு போனவன். என் கட்சி இதுதான்: டிரெஸ்டனில் பாடுங்கள், புகென்வால்டில் வேண்டாம்.

அந்த மைதானத்தில் பாட்டே ஒரு தண்டனையாக இருந்தது. 1938 கடைசியில், முகாமுக்கென்று ஒரு பாட்டு வேண்டும் என்று எஸ்.எஸ். (முகாம்களை நடத்திய நாஜிப் படை) அதிகாரி உத்தரவு போட்டார். கைதிகளாக இருந்த இரண்டு வியன்னாக்காரர்கள் செய்து கொடுத்தார்கள். வரிகள் ஃபிரிட்ஸ் லோனர்-பேடா, மெட்டு ஹெர்மன் லியோபோல்டி. லோனர்-பேடா சாதாரண ஆள் இல்லை, இசையமைப்பாளர் லெஹாரின் ஓபரெட்டாக்களுக்கு (இசை நாடகங்களுக்கு) வரிகள் எழுதியவர். நாள் முழுக்கக் கல் குவாரியில் முறிந்து வந்தவர்களைக் குளிரில் நிறுத்தி, எஸ்.எஸ்.காரர்களுக்குத் திருப்தியாகும் வரை அந்தப் பாட்டைத் திரும்பத் திரும்பப் பாட வைத்தார்கள். லியோபோல்டி விடுதலையாகி அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். லோனர்-பேடாவை 1942 டிசம்பரில் ஆஷ்விட்ஸ் கொலைமுகாமில் கொன்றார்கள். இதைத் தெரிந்துகொண்ட பிறகு, அதே இடத்தில் சுருதி கேட்டு, நான்கு வரிசையாக நின்று, கொயர் மாஸ்டரின் கையைப் பார்த்துப் பாட என்னால் முடியாது.

முகாம் வாசல் கதவையும் பாருங்கள். "அவரவருக்கு உரியது அவரவருக்கு" என்று இரும்பில் எழுதியிருக்கும். உள்ளே நிற்பவன் படிப்பதற்காகவே உட்பக்கம் பார்த்துப் பொருத்தியது. வைமாரில் வேலை பார்த்த காலத்தில், 1715ல், பாக் எழுதிய ஒரு கான்டாட்டா (தேவாலயத்துக்கான நீண்ட இசைப் படைப்பு) இந்தச் சொற்களோடுதான் தொடங்குகிறது. ஊருக்கும் முகாமுக்கும் நடுவே எட்டு கிலோமீட்டர்தான்.

அந்த முகாமில் செத்தவர்கள் சுமார் 56,000 பேர். மைதானத்தில் ஒரு உலோகப் பலகை பதித்திருக்கிறார்கள், கைதிகள் எந்தெந்த இனத்தவர் என்ற பெயர்களோடு. கோடை, பனி எதுவானாலும் அது 37 டிகிரிச் சூட்டிலேயே இருக்கும், மனித உடம்பின் சூடு. எங்கள் ஆட்கள் ஒவ்வொருவராகக் குனிந்து உள்ளங்கையை வைத்தார்கள். எங்கள் கொயரில் வாயாடி என்று பேர் எடுத்த சொப்ரானோ (உச்சக்குரல்) அம்மாகூட வாயைத் திறக்கவில்லை. அஞ்சலி என்றால் எனக்கு அது போதுமாக இருந்தது.

டிரெஸ்டன் விஷயம் வேறு. ருடால்ஃப் மவர்ஸ்பெர்கர் அங்கே கிராய்ட்ஸ்கோர் என்ற பழைய சிறுவர் கொயரின் மாஸ்டர். 1945 பிப்ரவரி 13 இரவு விழுந்த குண்டுகளில் அவருடைய பையன்கள் 11 பேர் செத்தார்கள். ஈஸ்டருக்கு முந்தைய நாட்களில் பைபிளின் புலம்பல் புத்தகத்திலிருந்து வரிகளை எடுத்து இதை எழுதினார். ஆகஸ்ட் 4 அன்று எரிந்து கிடந்த கிராய்ட்ஸ்கிர்ஹே தேவாலயத்தில் மிச்சமிருந்த பையன்கள் பாடினார்கள். அந்தத் தேவாலயத்தின் உட்சுவர்களை இன்றும் சொரசொரப்பான பூச்சோடுதான் விட்டுவைத்திருக்கிறார்கள். முடிந்தால் அங்கேயே இடம் கேளுங்கள்.

உங்கள் பேஸ் அண்ணனிடம் இதைச் சொல்லுங்கள்: இடிந்து, 2005ல் மறுபடி திறந்த ஃப்ராவன்கிர்ஹே தேவாலயத்தின் கோபுரச் சிலுவையை லண்டனில்தான் செய்தார்கள். செய்த பொற்கொல்லரின் அப்பா அந்தத் தாக்குதலில் பறந்த விமானி. சிலுவையை டிரெஸ்டன்காரர்கள் திருப்பி அனுப்பவில்லை, உச்சியில் வைத்தார்கள்.

ஆனால் டிரெஸ்டனைப் பாவமறியாத ஊராக மட்டும் வைத்துப் பாடிவிட்டு வராதீர்கள். ஹிட்லரின் பிரசார அமைச்சர் கோயபல்ஸின் ஆட்கள் சாவுக்கணக்கை இரண்டு லட்சம் வரை ஊதிப் பரப்பினார்கள். வரலாற்றாசிரியர்கள் குழு 2010ல் கொடுத்த முடிவு அதிகபட்சம் 25,000. இன்றும் பிப்ரவரி 13 வந்தால் அந்தப் பழைய கணக்கைத் தூக்கிக்கொண்டு நவநாஜிகள் ஊர்வலம் வருகிறார்கள், அவர்களுக்கு எதிராக ஊர்மக்கள் கைகோத்துச் சங்கிலியாக நிற்கிறார்கள். மவர்ஸ்பெர்கரும் 1933லேயே நாஜிக் கட்சியில் சேர்ந்தவர்தான். ஊரில் எஞ்சியிருந்த கொஞ்சம் யூதர்களுக்கு நாடுகடத்தல் உத்தரவு கொடுத்த அதே நாள் இரவுதான் குண்டு விழுந்தது. அந்தக் குழப்பத்தில் யூதர் என்று காட்டச் சட்டையில் போடவைத்திருந்த மஞ்சள் நட்சத்திரத்தைப் பிய்த்துப் போட்டுவிட்டுச் சிலர் பிழைத்தார்கள்.

அதனால் கச்சேரிக்கு முன்னால் எல்பே ஆற்றங்கரையில் இருக்கும் யூத ஆலயத்துக்கு நடந்து போய்விட்டு வாருங்கள். பழைய ஆலயத்தை 1938 நவம்பரில் கொளுத்தினார்கள். தீயணைப்பு வீரர் ஒருவர் அதன் கூரை நட்சத்திரத்தை எடுத்து ஒளித்து வைத்திருந்தார். 2001ல் அதே இடத்தில் புது ஆலயம் கட்டியபோது வாசலுக்கு மேலே அதைப் பொருத்தினார்கள். அதைப் பார்த்துவிட்டுப் போய் மவர்ஸ்பெர்கரைப் பாடினால் தொண்டை வேறு மாதிரி இருக்கும், நான் சொல்கிறேன்.

ஹம் வாசி

நான் இங்கே ஜெர்மனியில் பல வருசமாக இருக்கிறேன். தம்பி சொன்னதில் டிரெஸ்டன் பகுதி சரி. புகென்வால்ட் விசயத்தில் எனக்கு உடன்பாடில்லை.

முகாம்களில் கட்டாயப் பாட்டு மட்டும் இருக்கவில்லை. பெர்லினுக்குப் பக்கத்தில் சாக்ஸன்ஹவுசன் முகாமில் ரோஸ்பெரி தார்குட்டோ என்று ஒரு யூதர் இருந்தார். முந்தி பெர்லினில் தொழிலாளர் கொயர்களை நடத்தியவர். அவர் முகாமுக்குள்ளேயே எஸ்.எஸ்.க்குத் தெரியாமல் ஒரு கொயரைச் சேர்த்துப் பழக்கினார். 1942ல் அவர்களை ஆஷ்விட்ஸுக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் செய்த பாட்டை அலெக்சாண்டர் குலிசேவிச் என்ற போலந்துக் கைதி மனப்பாடமாக வைத்திருந்து, உயிரோடு வெளியே வந்து, வாழ்நாள் முழுக்க மேடை மேடையாகப் பாடினார். அந்தச் சனம் உயிரைப் பணயம் வைத்துப் பாடியிருக்கு. நாங்கள் வந்து வாயைப் பொத்திக்கொண்டு நிற்பதுதான் மரியாதை என்று எப்படிச் சொல்வது?

ஆனால் ஒன்று. நினைவிடத்தாரிடம் முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிட்டுப் பாடுங்கள். சுற்றுலாப் பஸ்ஸால் இறங்கின கையோடு, போட்டோ எடுக்க ஒருத்தரை நிறுத்திவிட்டுப் பாடுவதென்றால் தம்பி பக்கம்தான் நானும்.

ஆல்ட்டோ வரிசை

இரண்டு பேருக்கும் நன்றி. பொற்கொல்லர் கதையை பேஸ்காரரிடம் சொன்னேன். ஒன்றும் பேசவில்லை, நோட்ஸைக் கேட்டு வாங்கிக்கொண்டார். தார்குட்டோ பற்றிக் கொயர் மாஸ்டருக்கும் தெரிந்திருக்கவில்லை. லைப்சிக், லூபெக்கில் என்ன பார்க்கலாம்?

பழைய டெனர்

ஹம் வாசி அக்கா, தார்குட்டோவின் பாட்டையே கற்றுக்கொண்டு போய்ப் பாடினால் நான் மறுபேச்சு பேச மாட்டேன். பாக் கோரலை (தேவாலயக் கீதத்தை) பாடுவதைத்தான் எதிர்க்கிறேன்.

லூபெக்கில் மரியன்கிர்ஹே. 1942 குருத்தோலை ஞாயிறுக்கு முந்தைய இரவு பிரிட்டிஷ் விமானங்கள் அடித்ததில் கோபுரத்து மணிகள் கீழே விழுந்து நொறுங்கின. விழுந்த இடத்திலேயே, தரைக்குள் பாதி புதைந்து, இன்றும் கிடக்கின்றன. பாக்குக்கு முந்தைய தலைமுறை இசையமைப்பாளர் பக்ஸ்டெஹூட ஆர்கன் வாசித்த தேவாலயம் அது.

லைப்சிக்கில் தோமாஸ்கிர்ஹே தேவாலயம் போவீர்கள், பாக் கல்லறை உள்ளே இருக்கிறது. வெளியே மெண்டல்சோன் சிலையைத் தவற விடாதீர்கள். யூதக் குடும்பத்தில் பிறந்தவர் என்பதற்காக 1936 நவம்பரில் கெவாண்ட்ஹவுஸ் கச்சேரி மண்டபத்தின் முன்னால் இருந்த சிலையை இரவோடு இரவாக அகற்றினார்கள். மேயர் கெர்டலர் அப்போது வெளியூரில் இருந்தார். சிலையைத் திரும்ப வைக்க முடியாமல் போகவே பதவியை விட்டார். பிற்பாடு ஹிட்லருக்கு எதிரான சதியில் சேர்ந்து 1945 பிப்ரவரியில் கொல்லப்பட்டார். இப்போது இருப்பது 2008ல் வைத்த நகல். உங்கள் நிகழ்ச்சியில்தான் மெண்டல்சோன் இருக்கிறதே, வெயில் தாழ்ந்ததும் சிலையடியில் நின்று ஒன்று பாடுங்கள்.

கடைசியாக, வைமாரில் முகாமுக்குப் போகும் நாளின் மாலையில் கச்சேரி வைக்க விடாதீர்கள். எங்களுக்கு ஏற்பாடு செய்தவர்கள் அப்படித்தான் வைத்தார்கள், ஒருவருக்கும் குரல் எழவில்லை. காலையில் போங்கள், மேலே காற்று பலமாக அடிக்கும், கோடையானாலும் ஸ்வெட்டர் வேண்டும். உங்கள் பஸ் இல்லாவிட்டால் வைமார் ரயில் நிலையத்திலிருந்து டவுன் பஸ் போகிறது. எல்லா வண்டியும் முகாம் வரை போகாது, பலகையில் புகென்வால்ட் என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து ஏறுங்கள்.