மின்தேக்கியின் மின்னழுத்தம் மீட்டரில் 9 வோல்ட்டை எட்டாதது ஏன்?

கேள்வி (கோத்தகிரி, மேல்நிலைப் பள்ளி இயற்பியல் ஆசிரியை):

வணக்கம். மின்தேக்கி மின்னேற்றம் பெறுவதை மாணவியருக்குக் கண்கூடாகக் காட்டுவதற்காக, 9 வோல்ட் பேட்டரி, சாவி, 1 மெகா ஓம் மின்தடை, 10 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஆகியவற்றைப் பிரெட்போர்டில் (பற்றவைக்காமல் உதிரிகளைச் செருகும் துளைப்பலகை) தொடராக இணைத்து, மின்தேக்கியின் இரு முனைகளிலும் டிஜிட்டல் மல்டிமீட்டரை வைத்திருக்கிறேன். பேட்டரியைத் தனியே அளந்தால் 9.0 வோல்ட் சரியாக வருகிறது. ஆனால் சாவியை மூடியபின் அளவு சீராக ஏறி 8.18 வோல்ட்டில் நின்றுவிடுகிறது. எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் அதற்குமேல் நகர்வதில்லை. சாவியைத் திறந்தால் மின்னேற்றம் அப்படியே தங்க வேண்டும் என்றுதான் வகுப்பில் சொல்கிறோம். இங்கோ ஒரு நிமிடம் சற்றுக் கடந்ததும் பாதியாகிவிடுகிறது. இன்னொன்றும் புரியவில்லை. காலியான மின்தேக்கியை வைத்துக்கொண்டு, திறந்திருக்கும் சாவிக்குக் குறுக்கே அளந்தால், ஏறத்தாழ 8.2 வோல்ட்டில் தொடங்கி மிக மெதுவாகப் பூஜ்ஜியத்தை நோக்கி இறங்குகிறது. திறந்த சுற்றில் எது மாறிக்கொண்டிருக்கிறது?

பதில் (குன்னூர், ஆம்ப்ளிஃபயர் பழுதுபார்ப்பவர்):

அம்மா, முதலில் ஈரத்தைப் பாருங்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நம் பக்கம் மேகம் ஜன்னல் வழியே அறைக்குள்ளேயே வந்துவிடுகிறது. பிரெட்போர்டின் துளைகளுக்கு இடையே ஈரம் படிந்தால், மெகா ஓம் அளவிலுள்ள சுற்றில் அதுவே ஒரு கசிவுப் பாதையாகிவிடும். போர்டை மேசைவிளக்கின் குண்டு பல்பு அருகே நன்றாக உலரவைத்து, மின்தடையின் உடலை விரலால் தொடாமல் மறுபடி அளந்து பாருங்கள். மின்தேக்கி எலக்ட்ரோலிட்டிக் (நேர், எதிர் முனை பார்த்து இணைக்க வேண்டிய) வகையென்றால் அதற்கும் சொந்தக் கசிவு உண்டு.

பதில் (கூடலூர், ஓய்வுபெற்ற ஆய்வக உதவியாளர்):

ஈரத்தை விலக்கிவைப்பது நல்லதுதான், ஆனால் 8.18 என்ற எண் வேறு காரணத்தைச் சொல்கிறது. பெரும்பாலான டிஜிட்டல் மல்டிமீட்டர்களுக்கு டிசி வோல்ட் அளவீட்டில் அகமின்தடை, அதாவது மீட்டருக்குள்ளேயே இருக்கும் மின்தடை, 10 மெகா ஓம். மின்தேக்கிக்கு இணையாக நீங்கள் வைத்திருப்பது உண்மையில் ஒரு 10 மெகா ஓம் மின்தடை. அதுவும் உங்கள் 1 மெகா ஓமும் சேர்ந்து 9 வோல்ட்டைப் பங்கிடுவதால், மின்தேக்கிக்குக் கிடைப்பது 9-இல் 11-க்குப் 10 பங்கு, அதாவது 8.18 வோல்ட்.

சாவியைத் திறந்ததும் மின்னேற்றம் மீட்டர் வழியே வடிகிறது. 10 மெகா ஓம், 10 மைக்ரோஃபாரட் இரண்டின் பெருக்கல் 100 வினாடி; மின்னேற்றம் எவ்வளவு வேகமாக ஏறும், இறங்கும் என்பதைச் சொல்லும் இதுதான் காலமாறிலி. 100 வினாடிக் காலமாறிலிக்கு 69 வினாடியில் பாதியாகும். சாவிக்குக் குறுக்கே அளக்கும்போதும் இதே கதைதான்: சுற்று திறந்திருப்பதாக நாம் நினைக்கிறோம், ஆனால் மீட்டரே அதை மூடி, மின்தேக்கியை மெல்ல மின்னேற்றுகிறது. அப்போது காலமாறிலி 110 வினாடி.

உறுதிசெய்ய ஒரு வழி: மீட்டரை எடுத்துவிட்டு, சாவியை ஒரு நிமிடம் மூடிவையுங்கள். பிறகு சாவியைத் திறக்காமலேயே, மீட்டரின் கம்பிகளால் மின்தேக்கியின் முனைகளைத் தொட்டவுடன் திரையில் வரும் முதல் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அது 9-ஐ ஒட்டியிருந்து பிறகு 8.18-க்கு இறங்கினால் காரணம் மீட்டர்தான். தொடக்கத்திலேயே குறைவாக இருந்தால் குன்னூர் நண்பர் சொன்ன கசிவு.

கேள்வி கேட்டவர்:

மிக்க நன்றி, ஐயா. போர்டை உலர்த்திய பிறகும் 8.18 மாறவில்லை. மீட்டரை எடுத்துவைத்துப் பார்த்ததில் முதல் எண் 8.9, கண்முன்னேயே 8.2-க்கு இறங்கியது. வகுப்புக்கு எந்த அளவுகள் பொருத்தமாக இருக்கும்? என் மீட்டரின் அகமின்தடை 10 மெகா ஓம்தான் என்பதை மாணவியரே கண்டறிய இயலுமா?

பதில் (கூடலூர்):

1 மெகா ஓமுக்குப் பதில் 10 கிலோ ஓம், 10 மைக்ரோஃபாரடுக்குப் பதில் 1000 மைக்ரோஃபாரட் போடுங்கள். காலமாறிலி, 1 மெகா ஓமும் 10 மைக்ரோஃபாரடும் தந்த அதே 10 வினாடி. மீட்டரால் வரும் பிழை ஆயிரத்தில் ஒரு பங்குதான். மின்தேக்கி 16 அல்லது 25 வோல்ட் தாங்கக்கூடியதாக இருக்கட்டும், எதிர்முனைக் கோடு பேட்டரியின் எதிர்முனைப் பக்கம் இருக்கட்டும். அடுத்த முறை தொடங்குமுன் ஒரு 1 கிலோ ஓம் மின்தடையை முனைகளில் சில வினாடி வைத்து மின்னிறக்கிவிடுங்கள்.

பழைய சுற்றைக் கலைத்துவிடாதீர்கள், அகமின்தடையை அதிலிருந்தே கணக்கிடலாம். மின்தடையில் விழுவது 9.0-இல் 8.18 போக 0.82 வோல்ட், ஆகவே ஓட்டம் 0.82 மைக்ரோ ஆம்பியர். 8.18 வோல்ட்டை அதனால் வகுத்தால் 10 மெகா ஓம் அருகே வரும். ஆய்வகத்தில் வோல்ட்டுக்கு 20 கிலோ ஓம் கொண்ட முள் மீட்டர் இருந்தால் 10 வோல்ட் அளவில் அதையும் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதன் அகமின்தடை 200 கிலோ ஓம் மட்டுமே என்பதால் முள் 1.5 வோல்ட்டிலேயே நின்றுவிடும்.