ஹவுண்ட்ஸ் ஆஃப் லவ்: இரண்டாம் பக்கத்தைக் கேட்ட அனுபவம்

பிரிட்டன் பாடகி கேட் புஷ்ஷின் ‘ரன்னிங் அப் தட் ஹில்’ பாடல், ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ தொடரில் ஒலித்த பிறகு, வெளியாகி 37 ஆண்டுகள் கழித்து 2022இல் பிரிட்டன் தரவரிசையில் முதலிடத்தை எட்டியது. எனக்கும் அது அப்போதுதான் அறிமுகமானது. எண்பதுகளிலிருந்தே இசைத்தட்டுகள் சேர்த்துவரும் நண்பர் ஒருவர், பாடல் இடம்பெற்ற ‘ஹவுண்ட்ஸ் ஆஃப் லவ்’ ஆல்பத்தை முழுவதும் கேட்கச் சொன்னார்; இசைத்தட்டின் இரண்டாம் பக்கத்தை மட்டும் இடையில் நிறுத்தக் கூடாது என்று வலியுறுத்தினார்.

1985 செப்டம்பரில் வெளியான இந்த ஆல்பத்தின் முதல் பக்கத்தில் ஐந்து தனிப் பாடல்கள் உள்ளன. அவற்றுள், தந்தையைப் பிரிந்த மகன் அவரை நினைத்துப் பாடுவதாக அமைந்த ‘கிளவுட்பஸ்டிங்’ எனக்கு மிகவும் பிடித்தது. இரண்டாம் பக்கமோ ‘த நைன்த் வேவ்’ என்ற ஒரே கதை. நள்ளிரவில் கடலில் தனியாக மிதக்கும் ஒருத்தி, உறங்கினால் இறந்துவிடுவோம் என்ற அச்சத்தோடு விழித்திருக்க முயல்வதை ஏழு பகுதிகள் சொல்கின்றன.

என்னை உலுக்கியது நான்காம் பகுதி. அவள் மனத்தளவில் தன் வீட்டுக்குச் சென்று, தனக்காகக் காத்திருப்பவரின் அருகிலேயே நிற்கிறாள். அவருக்கோ அவள் தெரிவதில்லை. அங்கே குரலை வேண்டுமென்றே குழறலாக, சொற்கள் பிடிபடாதபடி பதிவு செய்திருக்கிறார்கள். பேசியும் கேட்கப்படாத நிலையை வரிகளால் விளக்காமல் ஒலியாலேயே உணர்த்திய இந்த இடத்துக்கு இணையாக வேறொரு பாப் ஆல்பத்தில் நான் எதையும் கேட்டதில்லை. அடுத்த பகுதியில், முதுமையடைந்த அவளே எதிரில் வந்து, நீ பிழைத்தால்தான் நான் இருப்பேன் என்று உயிரைக் கேட்கும்போது, அயர்லாந்து நாட்டார் இசை வேகமெடுத்து அவளை உலுக்கி எழுப்புகிறது.

இத்தனை நுணுக்கத்துக்கும் காலம் தேவை. 1982இல் வந்த முந்தைய ஆல்பம் எதிர்பார்த்த அளவு விற்காத நிலையில், கேட் புஷ் தன் குடும்ப வீட்டருகே சொந்த ஒலிப்பதிவுக் கூடம் அமைத்துக்கொண்டார். மணிக்கணக்கில் வாடகை ஏறும் கவலையின்றி, ஒலிகளைப் பதிந்து இசைக்க உதவும் ஃபேர்லைட் என்ற கணினிக் கருவியில் அவற்றைத் தாமே பொறுமையாகக் கோத்து, தயாரிப்புப் பொறுப்பையும் ஏற்றார். அப்படி உருவான ஆல்பம் மடோனாவின் ‘லைக் எ வெர்ஜின்’ ஆல்பத்தை விலக்கிப் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது.

இறுதிப் பகுதியில் மீண்டு வருபவள், தாய், தந்தை, சகோதரர்களிடம் தன் அன்பைச் சொல்லப்போவதாகப் பாடுகிறாள். இது மிக எளிமையான முடிவு என்று சிலருக்குத் தோன்றலாம். முந்தைய ஆறு பகுதிகளையும் கடந்து வந்த எனக்கு அந்த எளிமையே சரியாகப்பட்டது. இதே கதையை அவர் 2014இல் லண்டனில் மேடையேற்றிய வடிவம் ‘பிஃபோர் த டான்’ என்ற ஆல்பமாகக் கிடைக்கிறது. ஆயினும் புதியவர்கள் 1985ஆம் ஆண்டுப் பதிவையே முதலில் கேட்க வேண்டும் என்பேன்.