பபூன் குரங்கு பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது, அப்பா பாஸ்போர்ட் அதில்தான் இருக்கிறது. அவசரம்

நைரோபிக்குப் புதுசு (சனி, பகல் 12.40)

வணக்கம். நைரோபிக்கு வந்து ஐந்து வாரம் ஆகிறது. ஊரிலிருந்து அப்பா, அம்மா வந்திருக்கிறார்கள். பையனுக்கு விடுமுறை என்பதால் எல்லோரும் காட்டுப் பூங்காவுக்கு வந்தோம். காலையில் காண்டாமிருகம் இரண்டு, ஒட்டகச்சிவிங்கிகள், எருமைக் கூட்டம் எல்லாம் பார்த்தோம். அப்பா இவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. பதினொன்றரைக்கு மேலே ஒரு பாறை முனையில் காரை நிறுத்திச் சாப்பிட உட்கார்ந்தோம். தயிர்சாதம், வடுமாங்காய், சப்பாத்தி. டப்பா திறக்கிற சத்தம் கேட்டதுதான் தாமதம், பெரிய குரங்கு ஒன்று திறந்திருந்த கதவு வழியாக உள்ளே ஏறி, பையன் மேல் உரசிக்கொண்டு தாவி, நீலப் பையை எடுத்துக்கொண்டு பாறைக்குக் கீழே இறங்கிவிட்டது. தயிர்சாத டப்பாவும் அதில்தான் இருந்தது. அது பரவாயில்லை. அப்பாவின் பாஸ்போர்ட், மஞ்சள் காய்ச்சல் அட்டை, அம்மாவின் பிரஷர் மாத்திரை எல்லாம் அதே பையில். வியாழக்கிழமை இவர்கள் ஊர் திரும்ப வேண்டும். குரங்கிடமிருந்து பையை எப்படி வாங்குவது? யாராவது சொல்லுங்கள்.

பார்க்லேண்ட்ஸ் அக்கா (12.51)

எந்தப் பூங்கா என்று எழுதவில்லையே அம்மா. நகுருவா, ஹெல்ஸ் கேட்டா, மாராவா? சரி, பதறாதே. நான் 2011இல் வந்த புதிதில் பட்டதைக் கேட்டால் உனக்குத் தைரியம் வரும். நைவாஷா ஏரிக்கரையில் தங்கியிருந்தோம். இருட்டிய பிறகு தனியாக வெளியே வராதீர்கள், டார்ச் அடித்தால் அஸ்காரி (காவலாளி) வந்து கூட்டிப்போவார் என்று சொல்லியிருந்தார்கள். நான் காயப்போட்ட சேலையை எடுக்க மறந்துவிட்டு, பத்து மணிக்குக் கதவைத் திறந்தேன். சேலைக்கு நேர் கீழே நீர்யானை நின்று மேய்கிறது! புல்லை அது பறிக்கிற சத்தம் கோணிப்பையைக் கிழிப்பது போல இருந்தது. பகலெல்லாம் தண்ணீரில் கிடக்கும், ராத்திரியானால் கரையேறிவிடும், ஒரே இரவில் நாற்பது கிலோ புல் தின்னும் என்று அஸ்காரி சொன்னார். நானும் வீட்டுக்காரரும் விடிய விடிய ஜன்னலை விட்டு நகரவில்லை. காலையில் பார்த்தால் முந்தானையில் ஒரு முழத்துக்கு ஈரம், வேறு ஒன்றும் ஆகவில்லை. அந்தச் சேலையை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். நைவாஷா போனால் ஸ்வெட்டர் எடுத்துக்கொள், ராத்திரி நன்றாகக் குளிரும்.

லுசாகா, பன்னிரண்டு வருடம் (12.58)

அழகர்கோவிலில் குரங்கு கண்ணாடியைப் பிடுங்கினால் என்ன செய்வோம்? ஒரு வாழைப்பழத்தை நீட்டினால் கண்ணாடியைப் போட்டுவிட்டுப் பழத்தை வாங்கிக்கொள்ளும். அதையே செய்யுங்கள். இந்த ஊர் விலங்குகளோடு பழகிப்போக வேண்டும், பயந்தால் இங்கே இருக்க முடியாது. சாம்பியாவில் தெற்கு லுவாங்வா பக்கம் ஒரு விடுதி இருக்கிறது. அதன் முற்றத்தில் காட்டு மாமரம். காய் பழுக்கிற மாதங்களில் யானைக் குடும்பம் வரவேற்பறை வழியாகவே படியேறி உள்ளே நடந்து போய் மாம்பழம் தின்றுவிட்டு அதே வழியில் திரும்பும். நான் அங்கே சாவி வாங்க நின்றபோது குட்டி யானை மேசைக்கு இந்தப் பக்கம், நான் அந்தப் பக்கம். வந்த முதல் ஆறு மாதம் தனியாகக் கிடந்து சோர்ந்து போயிருந்தேன். அன்றைக்குத்தான் முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தேன்.

கம்பாலா தம்பி (1.03)

அண்ணா, மன்னிக்கணும், பழம் கொடுக்கவே கூடாது. இது நம் கோவில் குரங்கு இல்லை. ஆண் பபூன் இருபத்தைந்து கிலோவுக்கு மேலும் இருக்கும், கோரைப்பல்லைப் பார்த்தால் சிறுத்தை நினைவுதான் வரும். பழத்தை நீட்டினால் கையையும் சேர்த்துப் பிடிக்கும். பூங்காவுக்குள் விலங்குக்குத் தீனி போடுவது விதிப்படியும் தப்பு. ஒருவர் பழம் கொடுத்ததால்தான் அடுத்த காரின் கதவை அது திறந்து பார்க்கிறது. கடைசியில் அதைச் சுட்டுத் தள்ள வேண்டிய நிலை வரும். தங்கச்சி, பையைத் தேடி நீங்களாகக் கீழே இறங்காதீர்கள்.

கிலிமானி கணக்குப்பிள்ளை (1.07)

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் புதிதாக வந்தவர்கள் எல்லோரும் ஏமாறுகிற இடம் இது. வாசலில் எந்தக் கட்டணம் கட்டினீர்கள்? ஏலியன் கார்டு (இங்கே குடியிருக்கும் வெளிநாட்டவருக்கான அடையாள அட்டை) கையில் இருந்தால் உங்கள் மூவருக்கும் குடியிருப்போர் கட்டணம், ஷில்லிங்கில் கட்டலாம். கார்டு இன்னும் வரவில்லை என்றால் வெளிநாட்டுப் பயணிக்கான டாலர் கட்டணம்தான். வித்தியாசம் கொஞ்சநஞ்சம் இல்லை. அப்பா, அம்மாவுக்கு எப்படியும் டாலர்தான். கார்டு வரும்வரை நைரோபியிலேயே ஒட்டகச்சிவிங்கி மையத்துக்குப் போங்கள். உருண்டைத் தீனியை அவர்களே கொடுப்பார்கள், அங்கே மட்டும் நாம் ஊட்டலாம். கறுத்த நீள நாக்கு வந்து உள்ளங்கையைச் சுத்தமாகத் துடைத்துவிட்டுப் போகும். கீழே சிந்துகிறதைத் தின்ன காட்டுப்பன்றி முன்னங்காலை மடித்து முட்டி போட்டுக்கொண்டு வரும். என் மகள் அதைப் பார்த்துவிட்டு, அது சாமி கும்பிடுகிறது என்று தானும் கும்பிட்டாள்.

யாழ்ப்பாணம்–ஜோபர்க் (1.12)

தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் பூங்காவிலும் இதே தொல்லைதான். முகாமில் குளிர்பெட்டியை வெளியில் வைத்தால் விடியும்போது இருக்காது. தேன்கரடி (கரடி இல்லை, ஹனி பேட்ஜர்) வந்து குப்பைத் தொட்டியைக் கவிழ்த்து, ஒவ்வொரு டப்பாவாக நக்கிப் பார்த்துவிட்டுப் போகும். ஆனால் பழகிவிட்டால் இதைவிட நல்ல விடுமுறை கிடையாது. தார் ரோட்டில் ஐம்பதுக்கு மேல் ஓட்டக் கூடாது, அந்த வேகத்தில் போனால்தான் சாணி வண்டு உருண்டையை உருட்டிக்கொண்டு ரோட்டைக் கடப்பதுகூடக் கண்ணில் படும். எங்கள் பிள்ளைகள் சிங்கத்தை மறந்துவிட்டார்கள், அந்த வண்டை இன்னும் மறக்கவில்லை. நான் வந்த வருசம் வாடகை வீட்டுக்கு மூன்று மாத முன்பணம் கேட்டு உயிரை வாங்கினார்கள், அது வேறு கதை.

கம்பாலா தம்பி (1.15)

இங்கேயும் முன்பணம் அதே கதைதான் அண்ணா. வீட்டைக் காலி செய்யும்போது சுவரில் ஆணி அடித்ததற்கெல்லாம் பிடித்துக்கொள்கிறார்கள்.

பார்க்லேண்ட்ஸ் அக்கா (1.18)

எனக்கு முன்பணத்தை விட மின்சாரம்தான் கோபம். மாவு அரைக்கப் போட்டால் போய்விடும். அப்புறம் இன்னொன்று. கென்யாவில் 2020இலிருந்து காட்டுப் பூங்காவுக்குள் ஒருமுறை உபயோகிக்கிற பிளாஸ்டிக் பாட்டில் கூடாது. 2017இலேயே பிளாஸ்டிக் பையை நாடு முழுக்க நிறுத்திவிட்டார்கள். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. வாசலில் ஆறு பாட்டில் தண்ணீரைக் கொடுத்துவிட்டு நாள் முழுக்கத் தாகத்தோடு சுற்றினோம். எவர்சில்வர் செம்பு, ஃபிளாஸ்க் எடுத்துப்போங்கள். அந்த விதி நல்ல விதிதான், நம் ஊர் மலைகளிலும் இவ்வளவு கண்டிப்பு வர வேண்டும் என்று ஏங்குகிறேன்.

லுசாகா, பன்னிரண்டு வருடம் (1.21)

கறிவேப்பிலையை யாரும் சொல்லவில்லையே. முதல் ஒரு வருடம் ரசத்துக்குக் கறிவேப்பிலை இல்லாமல் நான் பட்ட பாடு…

நைரோபிக்குப் புதுசு (1.28)

எல்லோருக்கும் நன்றி. நகுரு பூங்கா, பபூன் பாறை என்று பலகை இருக்கிறது. வாடகைக் கார், இவர்தான் ஓட்டி வந்தார், டிரைவர், கைடு யாரும் இல்லை. இவர் ஒரு ரேஞ்சரை அழைத்துவரப் போயிருக்கிறார். மேலே இருந்து பார்த்தால் பை கீழே புதரில் நீலமாகத் தெரிகிறது, பக்கத்தில் குட்டியோடு இன்னும் நாலைந்து உட்கார்ந்திருக்கின்றன. பையனுக்கு முழங்கையில் சின்னக் கீறல், நகம் பட்டிருக்கும். அழுகையை நிறுத்திவிட்டான், இப்போது பாறை இடுக்கில் வெயில் காய்கிற பூனை அளவுப் பிராணியைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். இறங்கினால் பத்து நிமிடத்தில் பையை எடுத்துவிடலாம் போல இருக்கிறது. இறங்கலாமா?

எல்டோரெட் நர்ஸ் (1.31)

இறங்காதீர்கள். முதலில் பையனின் கையைப் பாருங்கள். இதைத்தான் முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும், நாங்களும் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

இப்போதே சோப்பு போட்டு, ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். நிமிடத்தைக் கடிகாரம் பார்த்து எண்ணுங்கள். சோப்பு இல்லை என்றால் தண்ணீரையாவது ஊற்றிக்கொண்டே இருங்கள், சோப்பு கிடைத்ததும் மறுபடி கழுவுங்கள். மஞ்சள், காப்பிப் பொடி எதுவும் வைக்காதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். ரத்தம் எட்டிப் பார்த்ததா? பார்த்தது என்றால் டாக்டரிடம் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். ரேபிஸ் தடுப்பூசியோடு காயத்தைச் சுற்றிப் போடுகிற இன்னொரு ஊசியும் அப்போது தேவைப்படும். பபூன் மூலம் ரேபிஸ் வருவது அபூர்வம், ஆனால் வந்துவிட்டால் மருந்து கிடையாது என்பதால் சின்னக் கீறலுக்கும் ஊசி போட்டுவிடுவோம். நகுரு ஊர் பூங்கா வாசலை ஒட்டியே இருக்கிறது, இன்றைக்கே போங்கள். பையனுக்குப் போட்ட தடுப்பூசிப் பதிவைப் போனில் வைத்திருந்தால் காட்டுங்கள், டெட்டனஸ் கணக்கும் பார்ப்பார்கள்.

பைக்கு வருகிறேன். பபூனுக்குச் சாப்பாடுதான் வேண்டும், காகிதமும் துணியும் வேண்டாம். தின்று முடித்ததும் பையை அப்படியே போட்டுவிட்டுப் போகும். அந்தச் சரிவில் எருமையும் சிறுத்தையும் இருக்கலாம், ரேஞ்சர் துப்பாக்கியோடு இறங்கி எடுத்துத் தருவார். அவரிடம் 'நியானி' என்று சொன்னால் போதும், இங்கே பபூனுக்கு அதுதான் பெயர். பையில் மாத்திரை இருந்தது என்பதையும் சொல்லுங்கள், குட்டி எடுத்துத் தின்றால் பாவம். அதுவரை காரில் ஏறி, கதவையும் கண்ணாடியையும் மூடி உட்காருங்கள்.

கிலிமானி கணக்குப்பிள்ளை (1.36)

கறிவேப்பிலையை அப்புறம் பேசலாம். பை கிடைக்காவிட்டால் செய்ய வேண்டியது: நகுரு காவல் நிலையத்தில் போலீஸ் அப்ஸ்ட்ராக்ட் வாங்குங்கள், தொலைந்த எந்தப் பொருளுக்கும் இங்கே அந்தத் தாள்தான் ஆதாரம். திங்கள் காலை அதையும் பாஸ்போர்ட் நகலையும் எடுத்துக்கொண்டு நைரோபி இந்தியத் தூதரகத்துக்குப் போங்கள். வியாழன் பயணம் என்று டிக்கெட்டைக் காட்டினால் எமர்ஜென்சி சர்டிஃபிகேட் கேட்கலாம், அது ஊர் திரும்ப மட்டும் செல்லும். மஞ்சள் காய்ச்சல் அட்டையையும் சாதாரணமாக நினைக்காதீர்கள். கென்யாவிலிருந்து இந்தியாவுக்குப் போகிறவர்களிடம் அது இல்லை என்றால் ஆறு நாள் வரை தனியாக வைத்துவிடுவார்கள். அப்பா கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போட்டிருந்தால் அங்கே பதிவு இருக்கும், ஊரில் இருப்பவர் யாரையாவது திங்கள் காலை நேரில் போய்க் கேட்கச் சொல்லுங்கள்.

பார்க்லேண்ட்ஸ் அக்கா (1.40)

அம்மாவின் மாத்திரைக்கு நகுருவில் கெமிஸ்ட் கடைகள் இருக்கின்றன. பிராண்டு பெயரைச் சொன்னால் தெரியாது என்பார்கள், மருந்தின் பெயரைச் சொல், அம்லோடிபினோ எதுவோ, எத்தனை மில்லிகிராம் என்றும் சொல். பழைய சீட்டின் படம் போனில் இருக்கிறதா பார். பையன் பார்க்கிற பிராணி ஹைராக்ஸ். பூனை அளவில் இருந்தாலும் யானைக்குச் சொந்தம் என்று அவனிடம் சொல், கை வலி மறந்துபோகும்.

நைரோபிக்குப் புதுசு (இரவு 7.40)

நைரோபிக்குத் திரும்பும் வழியில் எழுதுகிறேன். கையைக் கழுவினோம், பதினைந்து நிமிடமும் பையன்தான் வாய்விட்டு எண்ணினான். ரேஞ்சர் இருவர் வந்தார்கள். ஒருவர் காவலுக்கு நிற்க, மற்றவர் குச்சியால் பாறையைத் தட்டிக்கொண்டே இறங்கினார், கூட்டம் மெதுவாக விலகியது. பை கிடைத்தது! பாஸ்போர்ட் உறையில் பல் பதிந்திருக்கிறது, உள்ளே ஒரு பக்கமும் கிழியவில்லை. அட்டை பத்திரம். மாத்திரை அட்டையைக் கடித்துப் பார்த்துவிட்டு விட்டிருக்கிறது, எண்ணிப் பார்த்தோம், ஒன்றும் குறையவில்லை. தயிர்சாத டப்பாவைத் தேய்த்துக் கழுவினது போல் வழித்துத் தின்றிருக்கிறது. வடுமாங்காயை மட்டும் ஒவ்வொன்றாகக் கடித்துத் துப்பி, பாறையில் வரிசையாகப் போட்டிருந்ததாம். ரேஞ்சர் அதை இலையில் பொறுக்கிக்கொண்டு வந்து, இது என்ன காய் என்று அப்பாவிடம் கேட்டார். அப்பா அரை மணி நேரம் விளக்கினார். காரில் மிச்சம் இருந்த வடுமாங்காய் பாட்டிலை அவரிடமே கொடுத்துவிட்டார்.

ரத்தம் லேசாக எட்டிப் பார்த்திருந்தது. நகுருவில் இரண்டு ஊசியும் போட்டார்கள். அடுத்த ஊசி மூன்றாம் நாள் என்று எழுதியிருக்கிறார்கள். அதை நைரோபியில் போடலாமா, மறுபடி நகுரு வர வேண்டுமா?

எல்டோரெட் நர்ஸ் (7.46)

நைரோபியிலேயே போடலாம். இன்றைக்குப் போட்டதை 0 என்று எண்ணுங்கள். அடுத்தது செவ்வாய், அதற்கடுத்தது வரும் சனி, பிறகு சீட்டில் எழுதியபடி. ஊசியின் பெயர் எழுதிய அந்தச் சீட்டைக் கொண்டுபோங்கள், மருந்து இருக்கிறதா என்று திங்களன்றே போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள். ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள்.

நைரோபிக்குப் புதுசு (7.49)

சரி அக்கா. சீட்டைப் படம் எடுத்து இவர் போனிலும் போட்டுவிட்டேன். பாஸ்போர்ட் இப்போது அப்பாவின் சட்டைப் பையில் இருக்கிறது.