நாகா மரத்தட்டில் பூச்சி: கரிப்படலம் கெடாமல் காப்பது எப்படி?

நாகாலாந்து மரத்தட்டு ஒன்று. கால்களோடு சேர்த்து ஒரே கட்டையில் குடைந்தது. ஒட்டு, ஆணி எதுவும் இல்லை. அடிப்பக்கம் முழுக்க வாச்சி (மரம் செதுக்கும் கருவி) வெட்டுத் தடம். மேலே அடுப்புப் புகை ஏறிய கருமை. அது அழுக்கல்ல, பொருளின் வயதே அதில்தான் இருக்கிறது. அதனால் ஆளிவிதை எண்ணெய், வார்னிஷ் யோசனைகள் வேண்டாம்.

சிக்கல்: கறுப்புத் தாள்மேல் வைத்தால் இரண்டே நாளில் வெளிர்ந்த மாவு கொட்டுகிறது. பூச்சி உயிரோடுதான் இருக்கிறது. ஒரு காலில் மர ரேகை வழியே விரிசல் வேறு.

பூச்சியைக் கொல்லத் திட்டம்: தட்டைக் காற்றை வெளியேற்றிய பாலிதீன் உறையில் சீல் செய்து, மைனஸ் 20 டிகிரியில் ஒரு வாரத்துக்குக் குறையாமல் வைப்பது. வெளியே எடுத்தபின் 24 மணி நேரம் உறையைப் பிரிக்கக் கூடாது. பிரித்தால் குளிர்ந்த மரத்தில் நீர் கோத்துவிடும்.

கேள்விகள் இரண்டு. விரிசல் விட்ட காலோடு உறைய வைத்தவர்கள் உண்டா, விரிசல் கூடியதா? மாவாகிவிட்ட இடத்தை இறுக்க 5% பேரலாய்ட் பி-72 (அக்ரிலிக் பிசின்) கரைசல் போதுமா? அசிட்டோனில் கரைத்தால் ஈரக்காற்றில் சீக்கிரம் ஆவியாகி வெள்ளை பூக்கிறது. அதற்குப் பதில் கரைப்பானாக டொலுயீன் பயன்படுத்தியவர்கள் கரிப்படலம் கரைந்ததா என்று சொல்லுங்கள்.