சி2சி: 14 கிலோ மூட்டையோடு மூன்று நாளா? வேனா, பேனியரா?

மேட்டுக்குடி:
ஒயிட்ஹேவனில் தொடங்கி, லேக் டிஸ்ட்ரிக்ட்டையும் பென்னைன் மேடுகளையும் கடந்து சண்டர்லாந்தில் முடியும் சி2சி (கடற்கரை முதல் கடற்கரை வரை) சைக்கிள் பாதை, வட இங்கிலாந்தில். சுமார் 225 கி.மீ. முதல் ராத்திரி பென்ரித், இரண்டாவது ஆலன்ஹெட்ஸ், மூன்றாம் நாள் கடற்கரை. வண்டி 11 ஸ்பீட் ஷிமானோ 105 (ஆர்7000) கியர், முன் பல்சக்கரங்களில் 50, 34 பல், பின்னால் 11 முதல் 28 பல் வரை, டயர் 32 மி.மீ., டிஸ்க் பிரேக். இரண்டு பேனியர் (பின் சக்கரத்தின் இருபுறமும் தொங்கும் பை), மொத்தம் 14 கிலோ. சுமப்பதா, மூட்டை கொண்டுபோகும் வேனில் போட்டுவிடுவதா?

காத்தாடி:
வேன்தான், இதில் யோசிக்க என்ன இருக்கு. ஆள் 72, வண்டி 13, மூட்டை 14, ஆக 99 கிலோ. 10% மேட்டில் மணிக்கு 6 கி.மீ. ஊர்ந்து போகவே 170 வாட் வேணும். மூட்டையை 3 கிலோவாக்கினால் 150 போதும். ஒரு மேட்டில் 20 வாட் பெரிசில்லை, ஒரே நாளில் ஹார்ட்சைட், கேரிகில், நென்ட்ஹெட் மேடு மூணும் வரிசையா வரும்போது தெரியும்.

சின்னப்பல்:
கணக்கு சரி, முடிவு தப்பு. ஹார்ட்சைட் 580 மீட்டர்னு எல்லாரும் பயமுறுத்துவாங்க. ஏ686 சாலையில் அது வளைஞ்சு வளைஞ்சு 5% சாய்வில்தான் ஏறுது. ஆளைச் சாய்க்கிறது அதுக்கப்புறம்: கேரிகில்லில் இருந்து நென்ட்ஹெட் போற மேடு, நென்ட்ஹெட்டில் இருந்து 609 மீட்டர் பிளாக் ஹில், மறுநாள் ஸ்டான்ஹோப் ஊரை விட்டதும் கிராலிசைட். கிராலிசைட் சில இடத்தில் 20%. அங்கே பிரச்சினை மூட்டை இல்லை, கடைசி கியர். 34-28இல் (முன்னால் 34 பல், பின்னால் 28) மிதி ஒரு சுற்று சுத்தினால் வண்டி 2.6 மீட்டர் போகும். 6 கி.மீ. வேகத்தில் அது நிமிஷத்துக்கு 38 சுற்றுதான். முழங்கால் மூணாம் நாள் பேச ஆரம்பிக்கும். 34-34 போட்டால் அதே வேகத்தில் 46 சுற்று. 11-34 கேசட் (பின் பல்சக்கர அடுக்கு) மாத்துங்க, பேனியரைத் தொடாதீங்க.

மேட்டுக்குடி:
அப்படியே கழற்றி மாட்டிவிடலாமா?

சின்னப்பல்:
மாட்ட முடியாது, அங்கேதான் பலர் கோட்டை விடுறாங்க. முதல்ல பின் டீரெயிலர் (செயினைப் பல்லுக்குப் பல் மாத்துற கருவி), அதில் சில்லுகளைத் தாங்குற கூண்டு குட்டையா நீளமான்னு பாருங்க. ஆர்7000 குட்டைக் கூண்டுக்கு கம்பெனி கணக்கில் 30 பல்தான் எல்லை. நீளக் கூண்டு 34 வரை எடுக்கும். அடுத்தது, ஹெச்ஜி700 11-34 கேசட்டை 11 ஸ்பீட் ரோடு ஹப்பில் போடும்போது உள்பக்கம் 1.85 மி.மீ. ஸ்பேசர் வளையம் வேணும். அதை விட்டால் கேசட்டை இறுக்குற லாக்ரிங்கை முழுசா முறுக்கின பிறகும் கேசட் ஆடும். மூணாவது செயின். பழைய செயினையே வைச்சுட்டு தவறி முன்னால் 50, பின்னால் 34 பல்லுக்கு மாத்தினால் டீரெயிலரை இழுத்து, அதைத் தாங்குற ஹேங்கரை முறிச்சிடும். புதுச் செயினை டீரெயிலர் வழியா விடாமல் முன் பெரிய பல்சக்கரத்தையும் பின் பெரிய பல்சக்கரத்தையும் சுத்திப் பிடிச்சு, இரண்டு கண்ணி கூடுதலா விட்டு வெட்டுங்க. கடைசியா பி ஸ்க்ரூ (டீரெயிலர் எவ்வளவு தள்ளி நிக்கணும்னு வைக்கிற திருகு): டீரெயிலரோட மேல் சில்லுக்கும் 34 பல்லுக்கும் நடுவே 6 மி.மீ. போல இடைவெளி.

காத்தாடி:
ஆக கேசட், செயின், கூண்டு குட்டைன்னா டீரெயிலரும். மூணு நாள் பயணத்துக்கு வண்டியையே பாதி மாத்தச் சொல்றீங்க! அதோட ஒண்ணைச் சொல்லாம விட்டீங்க. ரோடு வண்டி பின் சக்கரத்தில் பெரும்பாலும் 24 கம்பி. 14 கிலோவும் அந்த ஒரு சக்கரத்து மேல உட்காரும். அறுந்தால் கேசட் பக்கக் கம்பிதான் அறும், கேசட்டைக் கழற்றாம அதை மாத்த முடியாது. நென்ட்ஹெட்டில் எங்கே போய் அந்தச் சாவியைத் தேடுவீங்க?

சின்னப்பல்:
கம்பி விஷயம் ஒத்துக்கிறேன். 24 கம்பின்னா 14 கிலோ கூடாது, 8 கிலோவுக்குள்ள வைக்கணும். மூட்டை முழுக்க பின்னால் தொங்கினால் 20% மேட்டில் முன் சக்கரமும் தூக்கும். ஆனா வேனோட குணத்தையும் சொல்லுங்க. காலையில் பையைக் கொடுத்ததும் ராத்திரி தங்குற இடம் உறுதியாயிடுது. கேரிகில்லில் மழையில் மாட்டி ஆல்ஸ்டனில் தங்கலாம்னு முடிவெடுத்தால், காய்ஞ்ச துணி ஆலன்ஹெட்ஸில் கிடக்கும்.

காத்தாடி:
மேற்கிலிருந்து கிழக்கே போறவனுக்கு காத்து முதுகுல தள்ளும். அவ்வளவு மாட்டிக்க மாட்டான்.

சின்னப்பல்:
பெரும்பாலான நாளில் சரி. ஆனா ஹெல்ம் காத்துன்னு ஒண்ணு இருக்கு. பிரிட்டனில் தனிப்பெயர் வாங்கின ஒரே காத்து. வடகிழக்கில் இருந்து கிராஸ் ஃபெல் சரிவு வழியா கீழே பாயும், சரியா ஹார்ட்சைட் ஏறுறவன் முகத்தில். வசந்த காலத்தில் போறவங்க மலை உச்சியில் நீளமா ஒரு மேகக் கட்டு அசையாம நிக்குதான்னு பாருங்க. நின்னால் லாங்வத்பியிலேயே நல்லா சாப்பிட்டுட்டு ஏறுங்க. உச்சியில் டீ கிடைக்கும்னு பழைய கட்டுரைகள் சொல்லும், நம்பாதீங்க. அந்த கஃபே 2018இல் எரிஞ்சுபோச்சு.

பஞ்சர்கடை:
இரண்டு பேரும் ஏறுறதையே பேசுறீங்க. இறக்கத்தைப் பாருங்க. ஈரத்தில் சாலைப் பொடிமண் கலந்தால் ரெசின் பிரேக் பேட் சீக்கிரம் கரையும். கிளம்பும்போது பாதி தேய்ஞ்சிருந்தாலே மாத்திடுங்க, பேட் தடிமன் 0.5 மி.மீ.க்கு வந்தால் முடிஞ்சது. ஒரு ஜோடி பையில் இருக்கட்டும். நெடுக பிடிச்சுக்கிட்டே இறங்கினா சூடாகி வழுக்கும். நல்லா அழுத்தி வேகத்தைக் குறைச்சு, விட்டு, திரும்ப அழுத்துங்க. மூர் நிலத்தில் (மரமில்லாத மேட்டு நிலம்) ஆடு மாடு தாண்டாம இருக்க சாலைக்குக் குறுக்கே போட்ட கம்பிப் பாலங்களை நேரா கடங்க, ஈரக் கம்பி மேல பிரேக் கூடாது.

டயர் 32 போதும். கான்செட் பக்கத்து வாஸ்கர்லி பாதை பழைய ரயில் பாதை, இறுகின சரளை. முன்னால் 55, பின்னால் 60 பிஎஸ்ஐ. இலையுதிர் காலத்தில் வேலி வெட்டுவாங்க, முள் சந்தில் கொட்டிக் கிடக்கும். பஞ்சரான டயரின் உள்பக்கத்தை துணியால் தடவி முள்ளை எடுத்த பிறகே புது டியூப். கேரியர் போல்ட் நாலையும் தினமும் காலையில் முறுக்கிப் பாருங்க.

கெசிக்–திரெல்கெல்ட் ரயில் பாதையை 2015 டெஸ்மண்ட் புயல் அடிச்சுட்டுப் போச்சு. 2020 கடைசியில் திறந்துட்டாங்க. பழைய வழிகாட்டியில் சுத்து வழி போட்டிருந்தால் கண்டுக்காதீங்க. இன்னொண்ணு, கார்லைலில் இருந்து ஒயிட்ஹேவன் போற நார்தர்ன் ரயிலில் இரண்டு சைக்கிளுக்குத்தான் இடம், முன்பதிவு கிடையாது, முதலில் வந்தவருக்கே. நாலு பேர் கூட்டமா போனால் இரண்டு ரயிலில் பிரிஞ்சு போற திட்டமும் வைச்சுக்கோங்க.

மேட்டுக்குடி:
கூண்டு குட்டைதான், பின் சக்கரம் 24 கம்பி. 11-30 போட்டுக்கொண்டு மூட்டையை 7 கிலோவாக்கி சுமக்கிறேன். நாலு நாள், நடுவில் ஸ்டான்ஹோப்பிலும் ஒரு ராத்திரி. கிராலிசைட்டில் ஏற முடியாவிட்டால்? ரூக்கோப்பில் இருந்து மேலே போகும் பழைய சுரங்க ரயில் சரிவு பரவாயில்லையா?

காத்தாடி:
7 கிலோன்னா வேன் வாதம் பாதி செத்துடுச்சு, சரி. ரூக்கோப் சரிவு கல்லும் குழியும். 32 டயர்ல மூட்டையோட வேண்டாம்.

சின்னப்பல்:
கிராலிசைட்டில் இறங்கித் தள்ளுங்க, மானக்கேடு ஒண்ணுமில்லை. வண்டிக்கு இடப்பக்கம் நடங்க. செயின் வலப்பக்கம் இருக்கறதால கால் அழுக்காகாது, கார்களும் வலப்பக்கமாத்தான் கடக்கும். ஒரு கை ஹேண்டில்பாரில், இன்னொரு கை சீட்டுக்குப் பின்னால். கிளீட் ஷூ (பெடலில் மாட்டிக்கிற ஷூ) ரோடு வகையா, எம்டிபி (மலை சைக்கிள்) வகையா? ரோடு வகைன்னா அந்த மேட்டிலேயே பிளாஸ்டிக் தேய்ஞ்சு, உச்சியில் பெடலில் மாட்டாது. உள்ளடங்கின எம்டிபி கிளீட் ஷூவுக்கு மாறிடுங்க.